தேட வேண்டியது நாங்களா, நீங்களா? உதவித்தொகை வழங்கும் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

கல்வி உதவித்தொகை வழங்கும் அரசுத் துறைகளின் செயலாளர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிறு இரவு பத்து மணிக்கு என் தம்பி போனைக் கொண்டுவந்து நீட்டி, "இதுல எது நெஜம்க்கா?" என்று கேட்டான். அவன் பிளஸ் டூ படிக்கிறான். மறுநாள் அரையாண்டில் இயற்பியல் தேர்வு. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இரண்டு மணி நேரமாக ஸ்காலர்ஷிப் தேடியிருக்கிறான். வாட்ஸ்அப்பில் வந்த 'எல்லா மாணவர்களுக்கும் இலவச லேப்டாப்' ஒன்று. முடிந்துபோன பழைய அறிவிப்பு ஒன்று. பெயரும் செல் நம்பரும் கேட்ட ஏதோ ஒரு தளம் ஒன்று. கடைசியாகச் சொன்னதில் நம்பரைக் கொடுத்தும்விட்டான்.

பரீட்சைக்குக் கிளம்புகிறவனுக்குக் காலை ஏழரை மணிக்கே போன். ஏதோ ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து பேசிய அக்கா, "கட்-ஆஃப் எவ்வளவு வந்தாலும் உங்களுக்கு அம்பது பர்சென்ட் ஸ்காலர்ஷிப் தம்பி, இந்த வாரத்துக்குள்ள சீட்டை பிளாக் பண்ணிக்கங்க" என்றாராம். ஒரு லட்சம் என்று விலை போட்டு ஐம்பதாயிரத்துக்குத் தருவதற்குப் பெயர் உதவித்தொகை என்றால், எங்கள் ஊர் ஜவுளிக்கடை ஆடி மாதம் முழுக்க உதவித்தொகைதான் கொடுக்கிறது. பத்து மணிக்குக் கல்விக் கடன் வாங்கித் தருவதாக இன்னொருவர்.

தம்பி கேட்ட அதே கேள்வியை 2023இல் நானும் கேட்டேன். அன்று எனக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. மூன்று வருடம் கழித்து அதே வீட்டில், அதே ஊரில், அவன் முதல் படியிலிருந்து தொடங்குகிறான். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

நான் அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர்க்காரி. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பெண்கள் பள்ளி. 600க்கு 548. அப்பா சரக்கு ஏற்றும் குட்டி யானை ஓட்டுகிறார். வண்டி அவருடையது இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்கும், அது இல்லாத நாளில் களை பறிக்கவும் போகிறவர். 2023 மே 8ஆம் தேதி தேர்வு முடிவு வந்தது. அரசுக் கல்லூரியில் நான் கேட்ட பாடம் கிடைக்கவில்லை; திருச்சியில் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பி.எஸ்சி. கணினி அறிவியல் கிடைத்தது. முதல் பருவத்துக்கு 19,400 ரூபாய், நான்கு நாளுக்குள் கட்ட வேண்டும். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. ஈர்க்குச்சி செருகிய காதோடுதான் அம்மா என்னைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நான் வரவில்லை. செய்ததில் ஒன்றை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் என் வழக்குக்கு அதுதான் சாட்சி. கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில் அலுவலகத்தில் என் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்ணைக் கேட்டார்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழில் இருந்ததைச் சொன்னேன். கல்லூரி மாணவர் விவரங்களுக்கான யூமிஸ் தளத்தில் ஏற்றினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரத் தொடங்கியது. வருமானச் சான்று கேட்கவில்லை. வி.ஏ.ஓ. வீட்டுத் திண்ணையில் நான் காத்திருக்கவில்லை. அம்மா ஒரு நாள் கூலியையும் இழக்கவில்லை.

அப்படியானால் உங்களால் முடிகிறது. ஒரு பெண் எங்கே படித்தாள், எந்த ஊர், என்ன சாதி, பெற்றோர் என்ன தொழில், ரத்தப் பிரிவு என்ன, உயரம் எடை எவ்வளவு என்பதுவரை உங்கள் கணினியில் இருக்கிறது. அதையெல்லாம் ஏற்றிய எங்கள் வகுப்பு டீச்சர் பாடம் நடத்த நேரமில்லாமல் தவித்ததை நானே பார்த்திருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த அரசு, ஒரு திட்டத்துக்கு மட்டும் தானாக என்னைக் கண்டுபிடிக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் 'நீ வந்து கண்டுபிடி' என்கிறது. பதினேழு வயதில், பொதுத்தேர்வு வருடத்தில்.

எனக்குக் கிடைக்காமல் போன ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவில் தன் வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் மதிப்பெண், குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள். இரண்டும் இருந்தால் பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாடு முழுக்க ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த அந்த ஆண்டே விண்ணப்பிக்க வேண்டும், விட்டால் விட்டதுதான்.

இப்படி ஒன்று இருப்பது எனக்கு எப்போது தெரிந்தது தெரியுமா? பிப்ரவரியில். யார் சொன்னது? எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்.

அந்தக் கடையைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பத்துக்குப் பத்து அறை, ஒரு கணினி, இரண்டு பிரின்டர், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். மேசையில் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். அட்டையில் மார்க்கரால் 'ஸ்காலர்' என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே பக்கம் பக்கமாகப் பெயர், பதிவு எண், பாஸ்வேர்டு, யாருடைய செல்லுக்கு ஓடிபி வரும் என்ற குறிப்பு. 'அப்பா போன் – லோடு போயிருப்பார் – ராத்திரி 9க்கு மேல்' என்று என் பெயருக்கு எதிரே எழுதியிருந்தார். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளின் ரகசியச் சொல் எல்லாம் ஒரு கணக்கு நோட்டில் திறந்து கிடப்பது சரியா என்று கேட்டால், சரியில்லைதான். ஆனால் எங்கள் வட்டாரத்தின் உதவித்தொகை அலுவலகம் அந்தக் கடைதான். ஒரு விண்ணப்பத்துக்கு 150 ரூபாய். எது எப்போது திறக்கும், எது மூடும், எந்தச் சான்றில் என்ன தேதி இருக்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

வேறு எதற்கோ நகல் எடுக்கப் போனபோது என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "சென்ட்ரலுக்கு நீ போடலியா பாப்பா? 548க்குக் கெடைச்சிருக்குமே" என்றார். தளம் மூடியிருந்தது. மூன்று வருடத்துக்கு 36,000 ரூபாய். தோடு மீண்டு வந்திருக்கும்.

கிடைத்திருக்குமா என்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது பின்னால்தான் புரிந்தது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப்பெண் வாங்கலாம் என்கிறது மாநில அரசு. மாநில அரசின் வேறு உதவித்தொகை வாங்குகிறவர் இதற்கு விண்ணப்பிக்க முடியாது என்கிறது அந்த மத்தியத் திட்டத்தின் விதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் போன்றவளுக்கு என்ன பதில்? கல்லூரியில் மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது. எழுத்தில் தர ஒருவரும் இல்லை.

எல்லாம் இணையதளத்தில் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கிறது. ஆதிதிராவிடர் நலம் ஒரு பக்கம், பிற்படுத்தப்பட்டோர் நலம் ஒரு பக்கம், சமூக நலம் ஒரு பக்கம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு பக்கம், மத்திய அரசுக்குத் தனித் தளம். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, பதிவு செய்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு என்பது, இருபது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கும் என் அப்பாவுக்குப் போன வருடம்தான் தெரியும். அதுவும் லோடு நிறுத்தத்தில் இன்னொரு டிரைவர் சொல்லி. என்னோடு படித்து பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு சேர்ந்த தோழி ஒருத்தி, டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் 'பிரகதி' உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்பதைப் படிப்பு முடிந்தபிறகு கேள்விப்பட்டாள். இத்தனைக்கும் அதன் வருமான வரம்பு 8 லட்சம்.

எங்கள் பள்ளி வாசலுக்கு மார்ச் மாதம் முழுக்கத் தனியார் கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். கல்லூரிப் பெயர் போட்ட பரீட்சை அட்டை, பேனா, பழச்சாறு. எங்கள் அத்தனை பேர் நம்பரும் அவர்கள் கைக்கு எப்படிப் போனது என்பது வேறு கதை. அந்த வாசலுக்கு ஒரு நாளாவது உங்கள் துறைகளிலிருந்து ஒரே ஒரு துண்டுத்தாள் வந்திருந்தால் போதும். வரவில்லை. மாவட்டத் தலைநகரில் நடந்த வழிகாட்டி நிகழ்ச்சிக்கு வேனில் கூட்டிப் போனார்கள், உண்மை. என்ன படிக்கலாம் என்று மூன்று மணி நேரம் சொன்னார்கள், பயனுள்ளதாகத்தான் இருந்தது. எந்தப் பணத்தில் படிப்பது என்பதற்குக் கடைசியில் பத்து நிமிடம், அப்போது சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்தது சான்றிதழ். வருமானச் சான்று ஒன்றுக்காக நாங்கள் அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். ஆதாரில் அப்பா பெயர் செல்வராஜ். குடும்ப அட்டையில் செல்வராசு. ஊரில் இரண்டும் ஒரே ஆள். கணினியில் இரண்டு ஆள். 'பெயர் பொருந்தவில்லை' என்று திருப்பிவிட்டார்கள். அட்டையைத் திருத்தி, மறுபடி 60 ரூபாய். வி.ஏ.ஓ. பார்த்து ஆர்.ஐ.க்கு (வருவாய் ஆய்வாளருக்கு) அனுப்ப வேண்டும், ஆர்.ஐ. மீட்டிங்குக்குப் போயிருந்தார், பிறகு விடுப்பு, பிறகு ஏதோ பட்டா முகாம். சான்று கைக்கு வந்தபோது எந்த உதவித்தொகைக்காக விண்ணப்பித்தேனோ அதன் கடைசி நாள் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்த ஐந்து நாளுக்கு எந்த அதிகாரி மேலும் எனக்குக் கோபம் இல்லை. பிளஸ் டூ முடிவு வந்தபின் மாவட்டம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாரத்தில் ஒரே மேசைக்கு ஓடினால் இதுதான் நடக்கும். ஜனவரியில் பள்ளிக்கூடத்திலேயே முடித்திருக்க வேண்டிய வேலை இது.

வங்கிக் கணக்கு இன்னொரு கண்ணி. எனக்கு இரண்டு கணக்கு. ஒன்று ஒன்பதாம் வகுப்பில் பள்ளி சொல்லித் தொடங்கியது, இன்னொன்று பிளஸ் ஒன்னில். புதுமைப்பெண் பணம் முதல் மூன்று மாதம் வரவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அதற்குத்தான் பணம் போகும், நான் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியாது. 3,000 ரூபாய் பழைய கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்காவது பணம் எங்கேயோ இருந்தது. விடுதியில் என் அறைத் தோழி ஒருத்தி விண்ணப்பித்தாள், ஆவணம் எல்லாம் சரி, நேரத்துக்குள்ளும் போட்டாள். கல்லூரி தரப்பில் சரிபார்க்க வேண்டியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். புது ஆளுக்கு பாஸ்வேர்டு வரவில்லை. ஆண்டு முடியும்வரை அவள் விண்ணப்பம் 'கல்லூரியின் சரிபார்ப்பு நிலுவையில்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. அவள் வாரத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பாள், லாட்டரிச் சீட்டு பார்ப்பதுபோல.

இனி தம்பி கதைக்கு வருகிறேன். அவன் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி, ஆகவே அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அவனுக்குக் கிடையாது. கலந்தாய்வில் பொறியியல் சேர ஆசை. அவனுக்கு இருக்கிற பெரிய நம்பிக்கை முதல் பட்டதாரி சலுகை. 2010 முதல் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்த திட்டம் அது. தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணம் குறையும். ஆனால் குடும்பத்தில் வேறு பட்டதாரி இருக்கக் கூடாது. அந்தச் சலுகை தொழிற்கல்விக்கு என்பதால் பி.எஸ்சி. படித்த எனக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. இப்போது என் கடைசிப் பருவம். நான் தேறிவிட்டால் எங்கள் வீட்டுக்கு ஒரு பட்டதாரி வந்துவிடுவார், தம்பிக்குக் கதவு அடைபடும். "ஒரு பேப்பர்ல அரியர் வச்சுக்கம்மா, நாலு வருஷத்துக்கு லட்ச ரூபா மிச்சம்" என்று சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை, "அப்படிச் செய்ய முடியுமா?" என்று கேட்டார். தன் மகள் பட்டம் வாங்குவதைத் தள்ளிப் போடலாமா என்று ஒரு தாய் கணக்குப் போடும்படி ஒரு விதி இருக்கிறது.

நான் கேட்பவை இவை.

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு மாணவர் கையிலும் தமிழில் அச்சடித்த ஒரே ஒரு தாள் வேண்டும். எல்லாத் துறையின் திட்டமும், மத்திய அரசினுடையதும் அதில் இருக்க வேண்டும்: யாருக்கு, எவ்வளவு, வருமான வரம்பு என்ன, எப்போது திறக்கும், எதோடு எதைச் சேர்த்து வாங்கலாம், எதை வாங்கினால் எது போகும். கடைசியாகச் சொன்னதை யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மூன்று பேர் மூன்று பதில் சொல்வது இனி வேண்டாம்.

ஜனவரியில் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் வருவாய்த் துறையை உட்கார வைத்து ஒரு நாள் முகாம் நடத்துங்கள். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பெயர்த் திருத்தம் எல்லாம் அங்கேயே முடிய வேண்டும். அந்தச் சான்று அவ்வருட உதவித்தொகைகள் எல்லாவற்றின் கடைசி நாள்வரை செல்லும் என்று ஆணையிடுங்கள். அதே முகாமில், ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு மேசை போடுங்கள்.

புதுமைப்பெண்ணுக்குச் செய்வதையே மற்றத் திட்டங்களுக்கும் செய்யுங்கள். எமிஸ் எண்ணையும் யூமிஸ் பதிவையும் வைத்து, யார் யார் எதற்குத் தகுதி என்று நீங்களே பிரித்து, மாணவர் செல்லுக்கும் பெற்றோர் செல்லுக்கும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புங்கள். மத்திய அரசுத் தளத்துக்கு விண்ணப்பம் மாணவர்தான் போட வேண்டும் என்றால், 'உனக்குத் தகுதி இருக்கிறது, இந்தத் தேதிக்குள் போடு' என்ற ஒரு வரியையாவது அனுப்பலாம். கல்லூரி சரிபார்க்காமல் வைத்திருக்கும் விண்ணப்பத்துக்கு மாணவரைத் தண்டிக்காதீர்கள். இத்தனை நாளுக்குள் முடிக்காத கல்லூரியிடம் விளக்கம் கேளுங்கள்.

உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவரிடம் முழுக் கட்டணத்தையும் நான்கு நாளில் கேட்கக் கூடாது, தவணை தர வேண்டும், பணம் வரும்வரை ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது என்று எல்லாக் கல்லூரிகளுக்கும் எழுத்தில் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் நடக்காது, அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் பட்டதாரி விதியைத் திருத்துங்கள். சலுகையை ஒரு முறைகூடப் பயன்படுத்தாத அக்காவோ அண்ணனோ பட்டம் வாங்கியதைக் காரணம் காட்டி, பின்னால் வரும் பிள்ளைக்கு மறுக்காதீர்கள். குடும்பத்துக்கு ஒருவர் என்று வைத்தால், பயன்பெற்ற ஒருவர் என்று வையுங்கள்.

ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென்று ஒரு ஆசிரியரை நியமியுங்கள். ஏற்கெனவே ஏழு பதிவேடு பார்க்கிறவர் தலையில் எட்டாவதாகக் கட்டாமல், வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கிக் கொடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடை அண்ணனைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இதில் விதித் திருத்தங்களுக்கு நாள் ஆகும் என்பது தெரியும். அந்த ஒற்றைத் தாளுக்கு ஆகாது. அரையாண்டுக்கு முன்னால் என்பது இந்த வருடம் போய்விட்டது. மார்ச்சில் தம்பிக்குப் பொதுத்தேர்வு. அவன் வகுப்பில் நாற்பத்தொரு பேர். பிப்ரவரிக்குள் நாற்பத்தொரு தாள் அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்ததா என்று அவனிடம் கேட்டு, வந்ததையோ வராததையோ உங்களுக்கு மறுபடி எழுதுவேன்.

இப்படிக்கு,
பி.எஸ்சி. மூன்றாமாண்டு மாணவி,
அரியலூர் மாவட்டம்.